மிக்ஸியில் பழ ஸ்மூத்தி கெட்டியாக, வழவழப்பாக வர என்ன செய்யணும்?

வெயில்காலம்:
750 வாட் மிக்ஸிதான் வீட்டில் இருக்கிறது, தனி பிளெண்டர் இல்லை. ஒரு பச்சை வாழைப்பழம், அரை கப் மாம்பழத் துண்டு, ஒரு டம்ளர் பால் (200 மி.லி.), 6 ஐஸ் கட்டி, 2 ஸ்பூன் சர்க்கரை. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு 3-ம் வேகத்தில் இரண்டு நிமிடம் அடிக்கிறேன். முதலில் நுரை பொங்குகிறது. ஐந்து நிமிடத்தில் நுரை மேலே, தண்ணீர் கீழே என்று பிரிந்துவிடுகிறது. கடையில் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுகிற அளவுக்குக் கெட்டியாக வருவது எப்படி? ஐஸ்கிரீமோ கண்டென்ஸ்ட் மில்க்கோ சேர்க்காமல் வழி சொல்லுங்கள். மிக்ஸியே போதுமா, வேறு வாங்க வேண்டுமா?

தேன்கதலி:
மிக்ஸி தாராளமாகப் போதும். உங்கள் அளவுதான் தப்பு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உரித்த வாழைப்பழம் ஏறக்குறைய 100 கிராம், மாம்பழம் 80 கிராம், ஆகப் பழம் 180. பால் 200, ஐஸ் 6 கட்டி என்றால் கரைந்தபின் இன்னொரு 100 மி.லி. தண்ணீர். 180 கிராம் பழத்துக்கு 300 மி.லி. நீர்ப்பொருள் சேர்ந்தால் அது ஜூஸ்தான். கெட்டியாக வேண்டும் என்றால் அப்படியே தலைகீழாக்க வேண்டும்: பழம் இரண்டு பங்கு, நீர்ப்பொருள் ஒரு பங்கு. 300 கிராம் பழத்துக்கு 150 மி.லி. பால். இரண்டு டம்ளர் வரும்.

இரண்டாவது, ஐஸை விட்டுவிடுங்கள். குளிர்ச்சி பழத்திலிருந்தே வரட்டும். பழத்தை உறைய வைத்து அரைத்தால் அதற்குள் இருக்கும் தண்ணீர் பொடிப் பொடிப் பனியாக உடைந்து, பழத்தின் பெக்டினுக்கும் (பழத்தைக் கெட்டியாக்கும் நார்ச்சத்து) சர்க்கரைக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். நாக்கில் அது கிரீம் போலத் தெரிவது அதனால்தான். ஐஸ் கட்டி வெறும் தண்ணீர். அது உடையும்போது மணல் மாதிரி நறநறக்கும், கரைந்ததும் எல்லாவற்றையும் நீர்க்கச் செய்துவிடும்.

பழம் உறைய வைப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். வாழைப்பழத்தைத் தோலோடு ஃப்ரீசரில் போடாதீர்கள், கறுத்து ஒட்டிக்கொண்டு உரிக்கவே வராது. உரித்து, ஒரு விரல் தடிமனுக்கு வில்லைகளாக நறுக்கி, ஒரு தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றோடொன்று தொடாமல் பரப்பி வையுங்கள். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் 5 மணி நேரம் போதும். ஒற்றைக் கதவில் மேலே இருக்கும் சின்ன ஃப்ரீசர் பெட்டி அவ்வளவு குளிராது, ராத்திரி முழுக்க விடுங்கள். கல் மாதிரி ஆனதும் பையில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடுங்கள். நேராகப் பையில் போட்டு வைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பாறை. அதை உடைக்கப் போய் மிக்ஸி கெடும்.

வாழையில் எது என்பதும் முக்கியம். பச்சை வாழை, மோரிஸ் இரண்டும் வழவழப்பாக அரைபடும். தோலில் பழுப்புப் புள்ளி விழுந்த பிறகே உறைய வையுங்கள். அதற்கு முன் மாவுச்சத்து முழுக்கச் சர்க்கரையாக மாறியிருக்காது, ஸ்மூத்தியில் ஒரு மாவு வாசனையும் லேசான துவர்ப்பும் நிற்கும். பூவனில் புளிப்பு தூக்கல், பாலோடு சேராது, தயிரோடு சேரும். நேந்திரம் வேண்டாம், எவ்வளவு பழுத்தாலும் மாவாகத்தான் இருக்கும்.

மிக்ஸிக்காரர்:
அளவு பற்றி மேலே சொன்னது சரிங்க. நான் அரைக்கிற முறையைச் சொல்றேன், ஏன்னா உறைந்த பழத்தை நீங்க இப்ப பண்ற மாதிரி எடுத்த எடுப்பில் 3-ல போட்டா, ஜாருக்கு அடியில இருக்கிற கப்ளரோட பல்லு போயிடும். இல்லேன்னா மோட்டார் ஓவர்லோடு ஆகி நின்னுடும். நின்னா பயப்பட வேண்டாம். சுவிட்சை அணைச்சு, பத்து நிமிஷம் ஆறவிட்டு, அடியில இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்கினா மறுபடி ஓடும்.

ஜார்: சட்னி ஜார் வேண்டாம், பெரிய ஸ்டீல் ஜார் எடுங்க. அதுலயும் பாதிக்கு மேல நிரப்பாதீங்க. உள்பக்கம் வெறும் உருண்டையா இல்லாம, நாலு பக்கமும் மேடு தட்டியிருக்கிற ஜாரா இருந்தா இன்னும் நல்லது. அந்த மேடு பழத்தைத் திருப்பிப் பிளேடு மேல தள்ளும்.

போடுற வரிசை: முதல்ல பால், அதுக்கு மேல மெத்துனு இருக்கிற பொருள் (தயிர், ஊறின பேரீச்சை, முந்திரி), கடைசியில உறைந்த பழம். பிளேடு அடியில இருக்குங்கறதை மறக்காதீங்க. பழத்தை முதல்ல போட்டா பிளேடு அதுல சிக்கி நிக்கும். பழத்தை ஃப்ரீசர்ல இருந்து எடுத்து 5 நிமிஷம் வெளியே வெச்சுட்டுப் போடுங்க. கத்தி நுனி இறங்குற பதம்.

ஓட்டுற முறை: இடது பக்கம் திருப்புற விப் இருக்குல்ல, அதுல இரண்டிரண்டு நொடியா ஏழெட்டுத் தடவை. துண்டெல்லாம் கடலை அளவுக்கு வந்ததும் 1-ம் வேகத்துல 20 நொடி. நிறுத்தி, மூடியைத் திறந்து, ஓரத்தை வழிச்சு விட்டு, அப்புறம் 3-ல 30 நொடி. அவ்வளவுதான். இரண்டு நிமிஷம் ஓடவிட்டா பிளேடு சூட்டுலயும் மோட்டார் சூட்டுலயும் உறைந்ததெல்லாம் இளகிடும். கூடவே காற்றும் உள்ள போய் நுரையாகும். உங்க நுரைக்குக் காரணம் அதுதான், உறையாத பழம், நிறைய பால், ரொம்ப நேரம் அதிவேகம்.

காதைக் கொஞ்சம் கொடுங்க. அரைபடும்போது சத்தம் கனமா, தாழ்வா இருக்கும். திடீர்னு கீச்சுனு மேல ஏறினா பிளேடைச் சுத்தி காற்றுக்குழி விழுந்துடுச்சு, பழம் மேல நின்னுட்டுப் பிளேடு வெறுமனே சுத்துதுனு அர்த்தம். அப்படியே ஓட்டினா எத்தனை நிமிஷமானாலும் அரையாது. நிறுத்தி, ஸ்பேட்டுலாவால அமுக்கிவிட்டு, இரண்டே இரண்டு ஸ்பூன் பால் ஊத்தி மறுபடி விப். இங்கதான் அவசரப்பட்டு அரை டம்ளர் ஊத்துவாங்க, எல்லாம் பாழ்.

ஏலக்கி:
தேன்கதலி சொன்னதில் ஒன்றே ஒன்றுக்கு மாற்றுக் கருத்து. பழத்தைத்தான் உறைய வைக்க வேண்டும் என்று இல்லை, பாலை உறைய வைத்தாலும் அதே கெட்டி வரும். கேரளத்து ஷார்ஜா ஷேக் முழுக்க அந்த வித்தைதான். 500 மி.லி. பால் பாக்கெட்டை வெளியே கழுவித் துடைத்துவிட்டு அப்படியே ஃப்ரீசரில் கல்லாக உறைய விடுவார்கள். பாக்கெட்டோடு குழவியால் தட்டி நொறுக்கி, ஞாலிப்பூவன் (நம் பக்கம் ஏலக்கி) பழம் நாலைந்து, சர்க்கரை, கொஞ்சம் மால்ட் பவுடர் சேர்த்து அடித்தால் ஸ்பூன் நிற்கும். பழம் அறைவெப்பத்தில் இருந்தாலும் பரவாயில்லை, அதனால் வாழையின் மணம் அமுங்காது. உறைந்த பழத்தில் மணம் சற்றுக் குறைவது உண்மை. பாக்கெட்டாக வேண்டாம் என்றால், காய்ச்சி ஆறவைத்த பாலை ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக எடுத்துக்கொள்ளலாம். அரைப்பதும் சுலபம்.

பாலும் பாக்கெட் பார்த்து எடுங்கள். ஆவின் நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நீலப் பால் உறைந்தால் கரகரப்பான பனிதான் வரும். ஆரஞ்சில் எடுத்தால் வித்தியாசம் நாக்குக்கே தெரியும்.

தேன்கதலி:
ஷேக்குக்கு அது சரி, ஏலக்கி. ஆனால் கேட்டவர் பழம் தூக்கலான ஸ்மூத்தி கேட்கிறார். பால் கட்டியில் போனால் பழத்தின் பங்கு மூன்றில் ஒன்றுக்கு இறங்கிவிடும். மாம்பழம் கிடைக்காத மாதங்களில் உங்கள் வழியை எடுத்துக்கொள்ளலாம்.

கொழுப்பு என்றதும் ஒரு எச்சரிக்கை. கெட்டியாக வரட்டும் என்று பாலேட்டை அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. ஏடும் குளிர்ச்சியும் மிக்ஸியும் சேர்ந்தால் என்ன வரும் என்று வெண்ணெய் எடுக்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள். 3-ல் ஒரு நிமிடம் ஓடினால் போதும், மஞ்சள் மணி மணியாகத் திரண்டு மேலே மிதக்கும். அதற்குப் பிறகு எவ்வளவு அடித்தாலும் கலக்காது. தேங்காய்ப் பாலிலும் இதே தொல்லை: தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும். உறைந்த பழத்தின் மேல் நேராக ஊற்றினால் மெழுகுத் துணுக்குபோல் நாக்கில் ஒட்டும். முதல் பால் 50 மி.லி. மட்டும் எடுத்து, உறையாத பழம் ஒரு துண்டோடு முதலில் ஓட்டிவிட்டு, பிறகு உறைந்ததைச் சேர்த்தால் தட்டுப்படாது.

பால் பொருளில் நான் பரிந்துரைப்பது வடிகட்டிய தயிர். அரை லிட்டர் புளிக்காத தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு வடிகட்டி மேல் 3 மணி நேரம் வைத்தால் ஏறக்குறைய பாதியாகும். அதில் 4 மேசைக்கரண்டி போட்டால் பாலைப் பாதியாகக் குறைத்துவிடலாம். வெளியே தொங்கவிடாதீர்கள், நம் வெயிலுக்கு வடிவதற்குள் புளித்துவிடும்.

பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்கு முந்திரி 10, வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, சட்னி ஜாரில் 3 ஸ்பூன் தண்ணீரோடு தனியாக மைய அரைத்த பிறகே பெரிய ஜாருக்குப் போக வேண்டும். பழத்தோடு சேர்த்துப் போட்டால் குருணையாகவே நிற்கும். ஓட்ஸும் அப்படித்தான்: ஒரு மேசைக்கரண்டி, வெறும் ஜாரில் பொடித்து, பாலில் 10 நிமிடம் ஊறவிட்டு. அதற்கு மேல் போட்டால் கஞ்சி.

வெயில்காலம்:
ரொம்ப நன்றி. 300 கிராம் உறைந்த பழம், 150 மி.லி. பச்சைப் பாக்கெட் பால், விப் முறையில் அரைத்ததில் ஸ்பூன் நிற்கிற பதம் வந்துவிட்டது, பிரியவும் இல்லை. இரண்டு சந்தேகம். ஒன்று, அதே அளவில் பப்பாளி போட்டால் அரைத்தவுடன் நன்றாக இருக்கிறது, அரை மணி நேரத்தில் கசக்கிறது. பழம் கெட்டதா? இரண்டு, மாம்பழத்தில் நார் நாராக வருகிறது, பிளேடில் சுற்றிக்கொள்கிறது.

உப்புப்பொடி:
பழம் கெடவில்லை. பப்பாளியில் இருக்கும் பப்பைன் என்கிற நொதி, பாலில் உள்ள கேசின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. அந்தச் சிறு துண்டுகள்தான் கசப்பு. இறைச்சியை மெத்தென்று ஆக்கப் பப்பாளிக்காய் தடவுவது இதே வேலைக்காகத்தான். அன்னாசியில் புரோமெலைன், கிவியில் ஆக்டினிடின், மூன்றும் ஒரே கூட்டம். தயிருக்கு மாற்றினாலும் தப்ப முடியாது, அங்கும் கேசின்தான். பழத்தை உறைய வைத்தாலும் நொதி சாகாது, தூங்கும். கரைந்ததும் எழுந்து வேலையைத் தொடங்கும். அதனால்தான் குடிக்கும்போது இனிப்பாகவும், டம்ளரின் அடியில் கசப்பாகவும் இருக்கிறது.

வழி இரண்டு. பப்பாளிக்குப் பாலை விட்டுவிட்டுத் தேங்காய்ப் பால் அல்லது சாத்துக்குடிச் சாறு ஊற்றுங்கள். கேசின் இல்லை, எனவே கசப்பும் இல்லை. 200 கிராம் பப்பாளி, 100 கிராம் உறைந்த வாழை, 100 மி.லி. சாத்துக்குடிச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு பப்பாளியின் அந்தப் பச்சை வாடையை அமுக்கும். பாலோடுதான் வேண்டும் என்றால் அரைத்த பத்து நிமிடத்துக்குள் குடித்துவிடுங்கள்.

அன்னாசிக்கு இன்னொரு வழி, சூடு. ஒரு கப் துண்டுக்கு 2 டீஸ்பூன் சர்க்கரை தூவி, அதன் சாற்றிலேயே 5, 6 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து உறைய வையுங்கள். கொதித்ததும் நொதி செயலிழந்துவிடும், கசக்காது. ஆனால் புளிப்பு அப்படியே இருக்கும், எனவே பாலைவிடத் தயிரே பொருத்தம். டின் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது, கொதிக்க வைக்கும் வேலை மிச்சம். பப்பாளியைக் கொதிக்க வைத்தால் சுவையே வேறாகிவிடும், அதை முயல வேண்டாம்.

பால் திரிவது வேறு சமாச்சாரம், அதைக் கசப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள். புளிப்பான மாம்பழம், பூவன், திராட்சை இவை பாலின் அமிலத்தன்மையைக் கூட்டி அதைத் திரிய வைக்கும், பொடிப்பொடியாகத் தெரியும். கசக்காது, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. புளிப்புப் பழம் என்றால் தயிர், இனிப்புப் பழம் என்றால் பால். இதை மட்டும் நினைவில் வைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

தேன்கதலி:
மாம்பழ நாருக்கு மிக்ஸியில் தீர்வு கிடையாது. பிளேடு நாரை வெட்டாது, சுற்றிக்கொள்ளும். பங்கனப்பள்ளி, இமாம்பசந்த், அல்போன்சா மூன்றிலும் நார் குறைவு, அப்படியே துண்டாக உறைய வைக்கலாம். நாட்டு மாம்பழம்தான் கையில் இருக்கிறது என்றால், உறைய வைப்பதற்கு முன்பே கூழாக அடித்து, மாவு சலிக்கும் சல்லடையில் கரண்டியால் அழுத்தி வடிகட்டி, ஐஸ் தட்டில் ஊற்றிக் கட்டியாக எடுத்து வையுங்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் டின்னில் அடைத்து வருகிற மாங்கூழையும் இப்படிக் கட்டியாக்கலாம். சர்க்கரை சேர்த்ததா என்று டின்னில் படித்துவிட்டு, சேர்த்தது என்றால் நீங்கள் போடுவதை நிறுத்திவிடுங்கள்.

சப்போட்டா பற்றி யாரும் சொல்லவில்லையே. பழங்களில் இதற்குத்தான் கிரீம் தேவையே இல்லை. அமுக்கினால் விரல் பதிகிற அளவுக்குப் பழுத்திருக்க வேண்டும். கொஞ்சம் காயாக இருந்தாலும் அதன் துவர்ப்பும் பிசினும் நாக்கைப் பிடித்துக்கொள்ளும். தோலைச் சீவிவிடுங்கள். விதையை எண்ணி எடுங்கள், அதன் நுனியில் கொக்கி இருக்கிறது. நான்கு பழம், 150 மி.லி. பால், சர்க்கரை வேண்டாம். மென்மணல் மாதிரி ஒரு நறநறப்பு நிற்கும். அது பழத்தின் இயல்பு, கொய்யாவிலும் உண்டு. எவ்வளவு அரைத்தாலும் போகாது.

சீத்தாப்பழம் போடுகிறவர்கள் சதையைக் கையால் பிசைந்து சல்லடையில் வழித்து, கொட்டையை முழுக்க எடுத்த பிறகே மிக்ஸிக்குக் கொண்டுபோக வேண்டும். கொட்டை உடைந்தால் நஞ்சு, விளையாட்டு இல்லை.

ஏலக்கி:
வெண்ணெய்ப்பழம் பற்றியும் ஒரு வார்த்தை. தாண்டிக்குடி, ஏற்காடு பக்கத்திலிருந்து வருகிற பழம் கிடைத்தால் கால் பழமே போதும், 50 கிராம். அதிலேயே கொழுப்பு இருப்பதால் நீலப் பாலில்கூட வழவழப்பு வந்துவிடும். முழுப் பழம் போட்டால் குடிக்க முடியாது, பூசத்தான் முடியும்.

வெயில்காலம்:
காலையில் நேரம் இல்லை. ராத்திரியே அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்கலாமா? வாழைப்பழம் போட்டது காலையில் சாம்பல் நிறமாகிவிடுகிறது. நாவல்பழமோ ஸ்ட்ராபெர்ரியோ சேர்த்தால் நிறம் மறையுமா?

உப்புப்பொடி:
நிறம் மறையும். ஆனால் அந்தப் பழங்களைச் சத்துக்காகச் சேர்ப்பதாக இருந்தால் வாழையோடு வேண்டாம். வாழையைக் கறுக்க வைக்கிற பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, பெர்ரி வகைகளில் இருக்கும் ஃபிளவனால்களையும் (உடலுக்கு நல்லது செய்யும் தாவரச் சத்துகள்) சேர்த்துச் சிதைக்கிறது. கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தார் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தியோடு ஃபிளவனால் எடுத்துக்கொண்டவர்களின் ரத்தத்தில் அதன் அளவு, மாத்திரையாக மட்டும் எடுத்தபோது இருந்ததைவிட 84 சதவீதம் குறைவு. பெர்ரிக் கலவையில் அப்படிக் குறையவில்லை. நிறமுள்ள பழத்துக்கு மாம்பழத்தையோ தயிரையோ துணையாக்கிக்கொள்ளுங்கள். வாழையின் வேலை வழவழப்பு மட்டும்.

ராத்திரியே அரைத்து வைப்பது வீண். உறைந்த பழத்தால் வந்த கெட்டி, ஃப்ரிட்ஜில் இளகியதும் போய்விடும், காலையில் மறுபடி அந்தப் பழைய தண்ணீர்தான்.

மிக்ஸிக்காரர்:
ராத்திரி அரைக்காதீங்க, பொட்டலம் போட்டு வைங்க. 300 கிராம் உறைந்த துண்டு ஒரு பைக்குனு, ஞாயித்துக்கிழமை ஆறு பை கட்டி ஃப்ரீசர்ல வெச்சுட்டா வாரம் முழுக்க ஓடும். வாழை வில்லையை உறைய வைக்கிறதுக்கு முன்னாடி எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன் தெளிச்சுப் புரட்டிடுங்க, கறுக்காது. காலையில ஒரு பையை எடுத்து வெளியே வெச்சுட்டுப் பல் தேய்ச்சுட்டு வந்தா சரியான பதத்துல இருக்கும். பால், பழம், விப், 1, 3. மூணு நிமிஷ வேலை.

ஜாரை உடனே கழுவிடுங்க. வாழைப்பழம் காஞ்சா பிளேடுக்கு அடியில இருக்கிற புஷ்ல (பிளேடோட தண்டு சுத்துற வளையம்) பிசின் மாதிரி இறுகிடும், நாளைக்குப் பிளேடு கையால சுத்தினாக்கூட அசையாது. அரை ஜார் வெதுவெதுப்பான தண்ணி, ஒரு சொட்டு சோப்பு, விப்ல நாலு தடவை, அலசிக் கவிழ்த்து வைங்க.

வெயில்காலம்:
பை கட்டியாச்சு. இரண்டு மாம்பழம், இரண்டு சப்போட்டா, ஒன்று பப்பாளி. பப்பாளிப் பை மேலே "பால் கூடாது" என்று எழுதி ஒட்டிவிட்டேன்.